ஜோங்காவும் ஜீப்பும்: மலையேற ஆறு சிலிண்டரா, நான்கு சிலிண்டரா?

கூடலூரிலிருந்து:

ராணுவம் ஓட்டிக் கழித்து ஏலத்தில் விட்ட, ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம் கொண்ட ஜோங்கா வண்டிகளை இங்கே பலரும் ஓட்டியிருப்பீர்கள் என்பதால் வண்டியைப் பற்றி விரித்து எழுதவில்லை. ஓவேலிப் பக்கத்து எஸ்டேட் சாலை ஒன்றில், ஜூலை மழையில், தேயிலைக் கொழுந்து மூட்டைகளோடு அது ஏறியதைப் பார்த்த காட்சி இன்னும் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது 2.2 லிட்டர் ஹரிக்கேன் இயந்திரம் பொருத்திய நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஜீப். அந்த ஏற்றத்துக்குக் கீழேயே வேகம் பிடித்து, லோ கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபடியே அதில் ஏற வேண்டும். ஜோங்காவோ வளைவின் நடுவில் ஏறக்குறைய நின்றேவிட்டது. ஓட்டியவர் கிளட்சையும் தொடவில்லை, ஆக்ஸிலேட்டரையும் அழுத்தவில்லை. இயந்திரம் ஐடிலில் ஓடும் வேகத்திலேயே, ஒரு சக்கரமும் வீணாகச் சுழலாமல், செஞ்சேற்றை அழுத்தி நசுக்கிக்கொண்டு வண்டி மேலே வந்துசேர்ந்தது. 3,956 சிசி கொள்ளளவும் 114.3 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட அந்த நிசான் இயந்திரத்தின் இழுவையை வேறு எந்தப் பழைய வண்டியிலும் நான் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் எழுதுங்கள்.

சூரியநெல்லியிலிருந்து:

கூடலூர் நண்பர் பெட்ரோலைப் பெட்ரோலோடு ஒப்பிட்டிருக்கிறார். மலையில் பிழைப்புக்காக ஓடும் ஜீப்புகளில் பெரும்பாலானவை டீசல் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாறைச் சாலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் ஏறுபவை நான்கு சிலிண்டர் ஜீப்புகளே. 2,112 சிசி பெஜோ டீசல் பொருத்திய பழைய மஹிந்திராவும் அவற்றின் வரிசையில் வந்ததுதான். அதன் திறன் அறுபத்துச் சொச்சம் குதிரைத்திறன், ஜோங்காவுக்கு 110. ஆனாலும் அந்தச் சாலைக்கு அது போதும், ஏனென்றால் அங்கே தேவைப்படுவது வேகமன்று. முன்பக்கம் கனமில்லாத, குறுகலான, சட்டென்று திரும்பும் வண்டி.

என்னை இன்னும் உறுத்துவது வேறொரு நிகழ்ச்சி. மழை பெருகிய ஓடை ஒன்றில் எனக்கு முன்னால் இறங்கிய பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, நடுநீரில் ஸ்பார்க் போய் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தபோது, என் டீசல் ஜீப்பைப் பின்னோக்கி ஓடைக்குள் இறக்கி, கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினேன். டீசலில் ஸ்பார்க்கே கிடையாது. காற்று இழுக்கும் குழாய்க்குள் நீர் புகாதவரை அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு சிலிண்டரின் இழுவையைப் புகழ்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

ஷார்ஜாவிலிருந்து:

மணலின் கதை வேறு. அல் பதாயரில் உள்ள பெரிய செம்மணற்குன்றில் 4.5 லிட்டர் ஆறு சிலிண்டர் லேண்ட் குரூசரும் 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் பிராடோவும் அடுத்தடுத்து ஏறுவதைப் பார்த்தேன். முதல் வண்டி பாதிச் சரிவில் வேகம் குறைந்தபோதும் ஓட்டுநர் மிதித்தவுடன் மீண்டும் எழும்பியது. பிராடோ உச்சிக்கு ஒரு வண்டி நீளம் கீழே நின்றுபோனது. அதன் ஓட்டுநர் வண்டியைத் திருப்ப முயலாமல், நேர்க்கோட்டில் பின்னோக்கி இறக்கி, டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐயிலிருந்து 12 பிஎஸ்ஐக்குக் குறைத்துவிட்டு மறுபடி ஏறினார், உச்சியைக் கடந்துவிட்டார். எத்தனை சிலிண்டர் என்று கேட்பதற்கு முன்னால் டயரில் எவ்வளவு காற்று என்று கேட்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கோவையிலிருந்து, பட்டறைக்காரர்:

சூரியநெல்லித் தம்பி குழந்தைகளைக் கரையேற்றியது பெரிய காரியம். ஆனால் அந்த வண்டி ஓடையில் நின்றதற்குச் சிலிண்டர் எண்ணிக்கை காரணமன்று. சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் ஈரம் புகுந்தால் நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஜீப்பும் அப்படித்தான் நிற்கும்.

ஒரு ஜோங்காவில் பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு நான்கு சிலிண்டர் டீசல் பொருத்தியிருந்தார்கள். அதை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டின் மேல் வைத்திருந்த ஸ்பேனர் தானாக நகர்ந்து கீழே விழுந்ததைப் பார்த்தேன். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் இயந்திரத்தில் பிஸ்டன்களின் அதிர்வு ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்துவிடும். நான்கு சிலிண்டரில் ஒரு பகுதி மிஞ்சும், அது இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டையும் பிராக்கெட்டையும் தின்னும். மேலும் ஆறு சிலிண்டரில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஒரு முறை சுற்றுவதற்குள் மூன்று வெடிப்புகள் நிகழ்கின்றன, நான்கு சிலிண்டரில் இரண்டே. கூடலூர்த் தம்பி பார்த்த வண்டியின் சக்கரம் சேற்றில் வழுக்காததற்கு இடைவெளி குறைந்த அந்தச் சீரான இழுவையும் ஒரு காரணம்.

பழைய ஆறு சிலிண்டர் வண்டி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் சூடாக இருக்கும்போது ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். அடுத்தடுத்த இரண்டில் மட்டும் அளவு குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கெட் (இயந்திரத்தின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். இதன் ஹெட் நீளமானது என்பதால், ஒருமுறை கொதித்த வண்டியில் அது வளைந்திருக்கக்கூடும். கழற்றினால் நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள், போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரேடியேட்டரின் அடிப்பகுதி கை வைத்தால் குளிர்ந்திருந்து, மேற்பகுதி மட்டும் சுட்டால், உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். டீசலுக்கு மாற்றப்பட்ட வண்டியென்றால் அந்த மாற்றம் ஆர்சி புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பெட்ரோலுக்கு அமைந்த கிரவுன் பினியனை (அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கர ஜோடி) அப்படியே விட்டிருந்தால், அதிக சுற்று ஓடாத டீசல் சமதளச் சாலையில் திணறும்.

கூடலூரிலிருந்து:

கோவை அண்ணனுக்கு நன்றி. நான் சொன்ன ஜோங்காவில் இன்றும் பழைய பெட்ரோல் இயந்திரமே இருக்கிறது. சூரியநெல்லி நண்பரின் வாதத்தில் ஒன்றை மறுக்க முடியாது: லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் தரும் வண்டியை வைத்து அன்றாடம் கொழுந்து ஏற்ற எவராலும் முடியாது. அந்த எஸ்டேட்டிலும் மற்ற மாதங்களில் டீசல் ஜீப்தான் போகிறது. மழை இறங்கிய பின் அந்த வளைவுக்கு மட்டும் ஜோங்காவை வெளியே எடுக்கிறார்கள்.