ரொட்டவேற்றர் வாங்கினவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை:
பாதுக்கையில் எனக்கு இரண்டு ஏக்கர் தென்னங்காணி. தென்னைக்கு இடையில் இஞ்சியும் மரவள்ளியும் போடலாமென்று, ஜப்பானிலிருந்து வந்த 24 குதிரைவலு பழைய ட்ரக்டர் ஒன்றை எடுத்தேன். அதற்குப் பின்னால் பூட்டி மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றர் (சுழல் கலப்பை) தேடியபோது கடையில் நின்ற பொடியன், "அஞ்சடி அகலம் எடுங்கோ அண்ணை, வேலை கெதியா முடியும்" என்றான். எடுத்துவிட்டேன்.

முதல் நாளே தெரிந்தது. சரளை மண்ணில் இறக்கியதும் எஞ்சின் திணறும். தூக்கினால் மூச்சு வரும். மண் இரண்டு அங்குலம்தான் கிளறுப்பட்டது. எஞ்சினில் 24 என்றால் பின்னால் சுழலும் பி.ரீ.ஓ. தண்டுக்கு வருவது 20 சொச்சம்தான். அகலத்தில் அடிக்கு 5 குதிரைவலுவாவது வேண்டும், இறுகிய மண்ணுக்கு அதுவும் காணாது. இந்தக் கணக்கை வாங்கமுதல் போட்டிருக்க வேண்டும்.

நட்டத்துக்கு விற்று நாலடி எடுத்தேன். பின் சில்லுகளின் வெளிவிளிம்பு 44 அங்குலம், இது 48. சில்லு அமத்திய தடம் முழுவதையும் கிளறிக்கொண்டே வருகிறது.

கொட்டாஞ்சேனை:
அண்ணை, உங்களுக்குக் காசோடு போயிற்று. எனக்கு கியர்பொக்ஸோடு.

கலப்பை வாங்கியது ஓரிடம், அதை ட்ரக்டரின் பி.ரீ.ஓ.வோடு பூட்டும் இணைப்புத் தண்டு வாங்கியது உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில். தண்டை ஓட்டோவுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தது இன்னும் ஞாபகம். நீளம் பார்க்கவில்லை, பூட்டினேன், பூட்டுப்பட்டது, அவ்வளவுதான். உழுது முடித்து முதல்தடவை தூக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். மூன்றாம் நாள் கியர்பொக்ஸ் வாயில் எண்ணெய் கசிவு, உள்ளே பெயாரிங் நொறுங்கிக் கிடந்தது.

தண்டு நீளம் கூடி, தூக்கும்போது முட்டியிருக்கிறது. பிறகு லேத் பட்டறைக்காரர்தான் காட்டித் தந்தார். கலப்பையை மெதுவாகத் தூக்கியும் இறக்கியும், இரண்டு முனையும் ஆகக் கிட்ட வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த நிலையிலும் தண்டு ஒன்றிரண்டு அங்குலம் உள்ளே போக இடம் விட்டு, உள்குழாய், வெளிக்குழாய் இரண்டையும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் உறையையும் அதே அளவுக்கு. வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, கிறீஸ் பூசிக் கோர்க்க வேண்டும். ஆக நீண்டு நிற்கும்போதும் ஒன்றுக்குள் ஒன்று நன்றாக ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழன்று சுழன்றடிக்கும். எனக்கு நாலு அங்குலம் வெட்டவேண்டி இருந்தது. அரை மணித்தியால வேலை!

அந்த உறையைக் கழற்றி எறிகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, விநாடிக்கு 9. துணியைச் சுற்றி இழுத்துவிடும், சாரத்தோடு கிட்டப் போகாதீர்கள்.

தெஹிவளை:
நான் வாங்கவே இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். வவுனியாவில் அப்பாவின் காணி இரண்டரை ஏக்கர், வாடகைக்குத்தான் உழுவிக்கிறோம். பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபரில் ட்ரக்டர்காரரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த ஆத்திரத்தில் ஒருமுறை விலை விசாரித்துப் பார்த்ததோடு சரி.

என் முறைப்பாடு வேறு. கோரை மண்டிய மூலையை ரொட்டவேற்றரால் அடித்தார்கள். பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தது. இரண்டு கிழமையில் கோரை அந்த மூலையை விட்டு வயல் முழுக்க! கிழங்கைக் கிளறிப் பரப்பிவிட்டிருக்கிறது. இப்போது அந்த இடத்தை மட்டும் மண்வெட்டியால் கொத்திக் கிழங்கு பொறுக்குகிறோம். அப்பா சிரிக்கிறார்.

வெள்ளவத்தை:
அக்கா, என் காணியிலும் கோரை இருக்கிறது. இனி அந்தப் பக்கம் இறக்கமாட்டேன்.

தம்பி, உங்கள் தண்டில் பாரம் கூடினால் தானே அறும் சியர் போல்ற் இருக்கிறதா? என்னுடையது தென்னை வேரில் பட்டு இரண்டு தரம் அறுந்தது. அறுகிறதே என்று கடினமான போல்ற் போடப் பார்த்தேன், மெக்கானிக் கையிலிருந்து பறித்துவிட்டார்.

கொட்டாஞ்சேனை:
பறித்தது நல்லது. அது அறுவதற்குத்தான் இருக்கிறது, அறாவிட்டால் கியர் பல்லு போகும். அதே தரத்தில் பத்து வாங்கி ட்ரக்டர் பெட்டிக்குள் போட்டு வையுங்கோ. பாதுக்கையிலிருந்து ஒரு போல்ற்றுக்காகப் பஞ்சிகாவத்தைக்கு ஓடி வர ஏலுமா?