3 செக்கன் பொறுத்தால் கணக்கு வந்திடுமோ?

வெண்கட்டி:
நேற்று இங்கை ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வகுப்புக்குப் பின்னாலை ஒரு பாடவேளை குந்தியிருந்து பாத்தால், ஆர் நல்ல ஆசிரியர் எண்டு சொல்லிப்போடலாமாம். முக்கிய அடையாளம், கேள்வி கேட்டிட்டு 3 செக்கன் வாயை மூடிக்கொண்டு நிக்கிறதாம். ஆராய்ச்சி சொல்லுதாம்! 3 செக்கனிலை கணக்கு வருமெண்டால் யாழ்ப்பாணத்திலை சந்திக்குச் சந்தி ரியூட்டரி எதுக்கு?

ஆய்வுப்பிரியன்:
அந்தத் தம்பி நான்தான் சேர். இது நான் கட்டின கதை இல்லை. மேரி பட் ரோ எண்ட அமெரிக்க ஆய்வாளர் ஆரம்பப் பிரிவு விஞ்ஞான வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டவ. கேள்வி கேட்ட ஆசிரியர்மார் சராசரியா ஒரு செக்கன்தான் பொறுத்தவை. பிள்ளை யோசிக்க முதல் அடுத்த பிள்ளையைக் கேக்கிறது, இல்லாட்டித் தாங்களே விடையைச் சொல்லுறது. அதை 3 செக்கனுக்குக் கூட்டினதும் பிள்ளையளின்ரை விடை நீண்டுது, பேசாமல் நிக்கிறது குறைஞ்சுது, கேக்காமலே சொல்ல வந்த பிள்ளையளும் கூடிச்சினம். 1974இலை கட்டுரையா வந்தது.

வெண்கட்டி:
1974. அமெரிக்கா. ஆரம்பப் பிரிவு. மூண்டையும் உம்மடை வாயாலையே சொல்லிப்போட்டீர், எனக்கு வேலை மிச்சம். தரம் 10இலை நான் கேள்வி கேட்டால் முன்வாங்குப் பெடியன் உடனை விடை சொல்லுவான். கெட்டித்தனம் இல்லை, அந்தப் பாடம் ரியூசனிலை போன தவணையே முடிஞ்சுது. 3 செக்கன் பொறுத்தால் இன்னும் நாலு பேர் சேந்து கத்துவாங்கள். கடைசி வாங்கு அப்பவும் குனிஞ்சபடிதான். அப்ப பின்னுக்கு இருந்து நீர் அளக்கிறது என்ரை படிப்பிப்பையோ, ரியூசன் வாத்தியின்ரையையோ?

நெல்லியடியாள்:
இரண்டு பேரும் பிழை. 3 செக்கன், வகுப்பிலை ஆர் கதைக்கிறது எண்டு பதியிற முறையைக் கொண்டுவந்த ஆய்வாளர் பிளாண்டர்ஸின்ரை. பின்னுக்கு இருக்கிறவர் 3 செக்கனுக்கு ஒருக்கா ஒரு இலக்கம் எழுதவேணும். மொத்தம் 10 வகை. 7 ஆசிரியர் கதைக்கிறது, 2 மாணவர் கதைக்கிறது, பத்தாவது மௌனம் அல்லது குழப்பம். 40 நிமிசப் பாடவேளைக்கு 800 இலக்கம் வரும். பயிற்சிக் காலத்திலை எழுதி எழுதிக் கை உளைஞ்ச எங்களுக்குத் தெரியாதோ?

ஆய்வுப்பிரியன்:
ரீச்சர், அந்த 3 வேறை, இந்த 3 வேறை. அது பதியிற இடைவெளி. இது ஆசிரியர் பொறுக்கிற நேரம். அதுவும் இரண்டு இடத்திலை: கேள்விக்குப் பிறகு ஒருக்கா, பிள்ளை விடை சொன்னாப் பிறகு ஒருக்கா. இரண்டாவதை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை. பிள்ளை வாய் மூட முதல் "சரி, அடுத்தது" எண்டு பாயிறம்.

வெண்கட்டி:
இப்ப 6 செக்கனோ! தேங்காய் விலை மாதிரி ஏறுது.
நெல்லியடி ரீச்சர் தனக்குத் தெரியாமலே எனக்கு உதவிப்போட்டா. தம்பி சொன்னபடி நான் பேசாமல் நிண்டால் பிளாண்டர்ஸ் கணக்கிலை என்ன விழும்? 10. குழப்பத்துக்கும் அதே 10. ஒருத்தி பொறு எண்டுறா, மற்றவன் அதைக் குழப்பத்தோடை ஒரே பெட்டியிலை போடுறான். அவை இரண்டு பேரும் முதல் தங்களுக்கை கதைச்சு முடிக்கட்டும்.

நெல்லியடியாள்:
உங்களுக்கு உதவ நான் எழுதேல்லை. பிளாண்டர்ஸ் நல்லது கெட்டது எண்டு புள்ளி போடேல்லை, நடந்ததைப் பதிஞ்சவர். 3 அவற்றை. அவ்வளவுதான்.

தீவான்:
ஒரு செக்கனிலை முடியவேண்டிய கதை. நடத்துங்கோ.

ஸ்காபறோத் தமிழன்:
ஏன் வாத்தியையே பாக்கிறியள்? ஜப்பானிலை ஆசிரியர்மார் சேந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவினம். ஒருத்தர் படிப்பிக்க, மற்றவை நிண்டு பிள்ளையளைப் பாப்பினம்: எந்த வரியிலை பென்சில் நிக்குது, எதை அழிக்கினம் எண்டு. பேந்து எல்லாருமாய் இருந்து அந்தப் பாடத்தைத் திருத்துவினம். 1990களிலை ஜேர்மனி, ஜப்பான், அமெரிக்கா மூண்டு நாட்டிலும் எட்டாம் வகுப்புக் கணித பாடங்கள் 231ஐ வீடியோ எடுத்துப் பாத்தவை. ஜப்பானிலை கனக்கப் பாடங்களிலை முதல் பிள்ளையளை மல்லுக்கட்ட விட்டிட்டுத்தான் வழியைக் கதைக்கினம்.

வெண்கட்டி:
அண்ணை, ஹீற்றரைப் போட்டிட்டு இருந்து ஜப்பானைப் பற்றிச் சொல்லுறியள், நல்லது. அந்த மற்ற ஆசிரியர்மார் என்ரை வகுப்பிலை வந்து நிக்கேக்கை அவையின்ரை வகுப்பை ஆர் பாக்கிறது? நீங்களோ? ஜப்பான்காரன் எத்தினை செக்கன் பொறுக்கிறான் எண்டும் சொல்லேல்லை.

ஸ்காபறோத் தமிழன்:
கனடாவிலை இருந்தால் கதைக்கக் கூடாதோ? பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் காசு கேக்கேக்கை மட்டும் நாங்கள் "எங்கடை பிள்ளையள்".

வெண்கட்டி:
காசுக் கதையை நான் எடுக்கேல்லை. எடுத்தது ஆர் எண்டு எல்லாரும் பாத்தாச்சு.
2007இலை 5ஈ எண்ட அஞ்சு படிக் கற்பித்தல் முறை வந்தது ஞாபகமோ? குழுக்குழுவா இருத்தி, டிமைத் தாளைக் குடுத்து, பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் எண்டவை. அதையும் ஆராய்ச்சி எண்டுதான் கொண்டுவந்தவை. தாளிலை ஒருத்தி எழுதுவாள், அஞ்சு பேர் விடுப்புக் கதைப்பினம். அதைப் பாக்க ஒருத்தர் வந்து பின்னுக்கு இருந்தார். பாடம் முடியுமட்டும் போனைப் பாத்தார். பேந்து புத்தகத்திலை "கற்பித்தல் திருப்தி" எண்டு எழுதி ஒப்பம் வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனார். அவதானிப்பு!

ஆய்வுப்பிரியன்:
அது அவதானிப்பு இல்லை சேர், சடங்கு. அதைக் காட்டி ரோவின்ரை வேலையைத் தள்ளேலாது. ஆள் வந்து இருந்தால் ஆசிரியரும் மாறிப்போவார். முதல் நாள் படிப்பிச்ச பாடத்தையே திருப்பி நடத்திக் காட்டுறவையும் இருக்கினம். அதுதான் உங்கடை போனையே மேசையிலை வைச்சுப் பதிவு செய்து, வீட்டை போய் நீங்களே கேளுங்கோ எண்டு எழுதினனான். நேற்றைய பதிவிலை கடைசிப் பந்தி. அங்கை மட்டும் போகேல்லைப் போல.

வெண்கட்டி:
ஓ, எனக்கு வாசிக்கவும் தெரியாதோ! புலமைப்பரிசில் இழையிலை என்னட்டை வாங்கிக்கட்டினது இன்னும் ஆறேல்லை, இப்ப வட்டியோடை வாறீர். 3 செக்கனுக்கு மட்டும் மறுமொழி தாரும். என்ரை வகுப்பிலை, ரியூசனிலை முடிஞ்ச பாடத்திலை, 3 செக்கனிலை ஆர் யோசிக்கிறான்?

ஆய்வுப்பிரியன்:
விடை தெரிஞ்ச கேள்வியைக் கேட்டால் 30 செக்கனும் வீண்தான். ரியூசன் கொப்பியிலை இல்லாத கேள்வி ஒண்டைக் கேட்டுப் பாருங்கோ.

வெண்கட்டி:
இப்ப என்ரை கேள்வியிலை பிழையோ! வாரும், வந்து தரம் 10இலை ஒரு பாடவேளை நில்லும், நான் பின்வாங்கிலை மணிக்கூட்டோடை இருக்கிறன்.

நெல்லியடியாள்:
மணிக்கூட்டோடை இருந்தால் 3 செக்கனுக்கு ஒருக்கா இலக்கம் எழுதவேணும். பிளாண்டர்ஸ்.

வெண்கட்டி:
ரீச்சர், வடமராட்சியிலை வேறை ஆரையும் படிக்கிறேல்லையோ?

நெல்லியடியாள்:
வலிகாமத்திலை ஒருத்தரையும் படிக்கிறேல்லைப் போல. வடமராட்சியை இழுக்காதேங்கோ, அதுக்கு வேறை இழை திறக்கவேண்டி வரும்.

வெண்கட்டி:
திறவுங்கோ. நான் வாறன்.