உதவி: ஸ்காட்லாந்துக் குலத்தலைமை யாரிடம் போனது என்று உறுதி செய்வது எப்படி?

கொடிவழி:
ஸ்காட்லாந்தின் மெக்லவுட், மெக்டொனால்ட் குலத்தலைவர்களுக்கு வம்ச அட்டவணை போடுகிறேன். மூன்று இடங்களில் முட்டி நிற்கிறேன்.

மெக்லவுட் குலத்தின் 28ஆம் தலைவர் ஒரு பெண், டேம் ஃப்ளோரா. அவருக்குப் பின் வந்த 29ஆம் தலைவர் ஜான், பிறப்பில் உல்ரிஜ்-கார்டன். குடும்பப்பெயரே வேறாக இருக்கும்போது அவர் எப்படித் தலைவர் ஆனார்?

மெக்டொனால்டில் மூத்த மகன் வழி ஒன்று இன்றும் தொடர்கிறது, ஆனால் தலைமை இளையவர் வழியில் இருக்கிறது. இது அட்டவணையில் உள்ள பிழையா?

மூன்றாவதாக, ஸ்கை தீவில் ஒரு மெக்லவுட் கிளையைப் பின்னோக்கித் தேடினால் 1800ஐ ஒட்டிக் கோடு அறுந்துபோகிறது. அதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும்?

ஏடகன்:
முதல் இரண்டும் பிழையில்லை. ரத்தவழியை மட்டும் பார்ப்பதால் அப்படித் தெரிகிறது. குலத்தலைமையைத் தேடும்போது முதலில் மரபுச்சின்னம் (குடும்பத்துக்கு உரிய கேடயச் சின்னம்) போன வழியைப் பிடிக்க வேண்டும், பிறகுதான் பிறப்புப் பதிவு.

எடின்பரோவில் உள்ள லார்ட் லயன் மன்றம் யாருக்கு எந்தச் சின்னம் உரியது என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் பதிவேடு 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கியது. பங்காளிகள் ஒவ்வொருவரும் தங்கள் சின்னத்தில் ஓரக்கோடு, பிறை என்று ஏதாவது ஒரு வேறுபாட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வேறுபாடும் இல்லாத முழுச் சின்னம் யார் பெயரில் பதிவாகிறதோ அவரே தலைவராக ஏற்கப்படுகிறார். 1941ல் ஆர்ட்கவர் மெக்லீன் வழக்கில், குலத்தலைமையைத் தனியாக ஓர் உரிமையாக எடுத்துத் தீர்ப்பளிக்க லயன் மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஸ்காட்லாந்தின் உயர் உரிமையியல் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் சொல்லிவிட்டது. அதனால் சின்னப் பதிவுதான் உங்களுக்குக் கிடைக்கும் உறுதியான ஆவணம்.

மெக்லவுட்: சர் ரெஜினால்ட் 1935ல் இறந்தபின் தலைமை மகள் ஃப்ளோராவுக்கு வந்தது. ஆண்வழி மட்டுமே என்ற கட்டாயம் எல்லாக் குலத்துக்கும் பொது இல்லை. அந்தச் சின்னம் எந்த வாரிசு வரிசைப்படி இறங்க வேண்டும் என்று பதிவாகியிருக்கிறது என்பதே கணக்கு. ஜான், ஃப்ளோராவின் மகள் வயிற்றுப் பேரன். பேரன்களில் அவரை ஃப்ளோரா வாரிசாகத் தேர்ந்தெடுத்தார், அவரும் குடும்பப்பெயரை மெக்லவுட் என்று மாற்றிக்கொண்டார். பெயர் மாற்றம் சடங்குக்காகச் செய்தது அல்ல. குலப்பெயரைத் தாங்காதவர் அந்தக் குலத்தின் பெயருக்கும் சின்னத்துக்கும் தலைவராக முடியாது. அட்டவணையில் ஃப்ளோராவிலிருந்து ஜானுக்கு மகள்வழிக் கோடு போட்டு, "தேர்வு, பெயர் மாற்றம்" என்று பக்கத்தில் குறியுங்கள்.

மெக்டொனால்ட்: மூன்றாம் லார்ட் மெக்டொனால்டின் திருமணம் 1803ல் பதிவாகியிருக்கிறது, மூத்த மகன் பிறந்தது 1800ல். அதனால் அந்த மகனை ஒதுக்கிவிட்டு இளையவர் வழிக்குப் பிரபுப் பட்டம் போனது. 1910ல் கோர்ட் ஆஃப் செஷன், ஸ்காட்லாந்துச் சட்டப்படி மூத்தவரும் முறையான மகனே என்று தீர்ப்பளித்தது. விளைவு: பாரனெட் பட்டமும் (பிரபுவுக்குக் கீழான பரம்பரைப் பட்டம்) மெக்டொனால்டின் ஒரு கிளையான ஸ்லீட் கிளையின் தலைமையும் மூத்த வழிக்கு வந்தன, லார்ட் மெக்டொனால்ட் என்ற அயர்லாந்துப் பிரபுப் பட்டம் இளைய வழியிலேயே நின்றது. ஆனால் மூத்த வழியார் தாங்கியது பாஸ்வில் மெக்டொனால்ட் என்ற இரட்டைப் பெயர். முழுக் குலத்தின் தலைமைக்கு இரட்டைப் பெயரை லயன் மன்றம் ஏற்பதில்லை. 1947ல் இளைய வழியின் லார்ட் மெக்டொனால்டே தலைவராக ஏற்கப்பட்டார்.

இந்த ஒரு குடும்பத்தில் மூன்று உரிமைகள் மூன்று விதமாக இறங்கியிருக்கின்றன. அவற்றை ஒரே கோட்டில் போட்டால் கட்டாயம் குழப்பம் வரும். பிரபுப் பட்டம், பாரனெட், குலத்தலைமை மூன்றுக்கும் தனித்தனி நிறம் கொடுங்கள்.

பதிவறை:
மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1855 ஜனவரி 1ல்தான் தொடங்கியது. எல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. இறப்புப் பதிவிலிருந்து தொடங்குங்கள். தாய், தந்தை இருவர் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரோடு வரும். ஆனால் அதைச் சொன்னவர் மகனோ மருமகனோ, சில நேரம் பக்கத்து வீட்டுக்காரரோ என்பதால் பாட்டன் பெயர் தவறாக இருக்கலாம். பிறப்புப் பதிவில் பெற்றோரின் திருமணத் தேதியும் ஊரும் 1855லும், மறுபடி 1861 முதலும் உண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் இல்லை.

1855க்கு முன் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தேவாலயப் பதிவேடுகள்தான். ஹைலாண்ட்ஸ், தீவுப் பகுதிகளில் பல பங்குகளில் (தேவாலய வட்டாரங்களில்) அவை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தொடங்குகின்றன. உங்கள் கோடு அறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவற்றில் இருப்பது பெரும்பாலும் ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதி அல்ல. திருமணம் என்று இருப்பதும் பலமுறை, நடக்கப்போகும் திருமணத்தைத் தேவாலயத்தில் அறிவித்த தேதிதான். கத்தோலிக்க, எபிஸ்கோபல் குடும்பங்கள் இந்த ஏடுகளில் அகப்படாமல் போவதும் சகஜம்.

பெயர் தேடும்போது மெக், மேக், வெறும் 'எம்' எழுத்தும் மேற்கோள் குறியும் (M') என்று எல்லா எழுத்துமுறையிலும் பாருங்கள். பழைய ஏடுகளில் மணமான பெண் பிறந்தவீட்டுப் பெயரிலேயே வருவாள். 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15க்கு மேற்பட்ட வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், உறவுமுறையும் கிடையாது. 1851லிருந்து இரண்டும் சரியாகிவிடும்.

ஏடு நின்ற இடத்துக்கு அப்பால் நிலம்தான் பேசும். நில உரிமை கைமாறியதைக் காட்டும் சசைன் பத்திரப் பதிவேடு 1617ல் தொடங்கியது. நிலத்துக்கு வாரிசு யார் என்று முடிவான 'சர்வீஸ் ஆஃப் ஏர்ஸ்' ஆவணங்கள் அதற்கும் முந்தியவை. 1847 வரை லத்தீனில் இருக்கும், 1652 முதல் 1659 வரை மட்டும் ஆங்கிலம். தந்தை, பாட்டன் என்று உறவை நேராகச் சொல்வதால் பத்து ஞானஸ்நானப் பதிவைவிட இப்படி ஒன்று மேல். இன்னொரு பொறி: ஸ்காட்லாந்தில் புத்தாண்டு 1600லிருந்தே ஜனவரி 1, இங்கிலாந்தில் 1752 வரை மார்ச் 25. லண்டனில் எழுதிய கடிதம் 1650 பிப்ரவரி என்றால் ஸ்காட்லாந்துக் கணக்கில் 1651.

கொடிவழி:
நன்றி ஐயா. ஒரு ஞானஸ்நானப் பதிவில் தந்தை பெயருக்குப் பின் ஆங்கில 'இன்' (in) போட்டு ஊர்ப்பெயர் இருக்கிறது. மெக்லவுட் என்பதால் தலைவரின் பங்காளி என்று சேர்க்கலாமா?

பதிவறை:
வேண்டாம். பெயருக்குப் பின் 'ஆஃப்' (of) வந்தால் நிலம் சொந்தம், 'இன்' என்றால் குடியிருப்பவர் அல்லது குத்தகைக்காரர். தலைவர் நிலத்தில் வாழ்ந்தவர்கள் ரத்த உறவில்லாமலே அவர் பெயரை எடுத்துக்கொண்டது உண்டு. 'டாக்ஸ்மேன்' என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அந்தப் பெருங்குத்தகைக்காரர்கள் பலமுறை தலைவரின் தாயாதிகளே. எஸ்டேட் குத்தகைப் பத்திரங்களில் அந்த நிலம் தலைமுறை தலைமுறையாக யார் கையில் இருந்தது என்று பாருங்கள். அதுவரை புள்ளிக்கோடு போதும்.

ஏடகன்:
ஒன்று சேர்க்கிறேன். இளைய கிளைக்கு உரிமை வந்தது என்று காட்டும்போது, மூத்த கிளை ஒவ்வொன்றும் அற்றுப்போனதையும் காட்ட வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இங்கேதான். 'இந்தியாவில் இறந்தார்' என்று ஒரு வரியோடு விடப்பட்ட மகன்கள் ஏராளம். அவர்களுக்கு அங்கே மனைவி மக்கள் இருந்திருக்கலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் திருச்சபைப் பதிவுகள் மாகாணவாரியாக இருக்கின்றன: என்1 வங்காளம், என்2 சென்னை, என்3 பம்பாய். மூன்றையும் பார்க்காமல் 'வாரிசில்லை' என்று எழுதாதீர்கள். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளையும் தத்துப்பிள்ளைகளையும் தனிக்குறியோடு போடுங்கள். சொத்துரிமை மாறினாலும் சின்னம், பட்டம் இறங்கும் முறையைப் பெற்றோர்-பிள்ளை உறவு பற்றிய 1986ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டம் தொடவில்லை.

மாறன்:
ரத்தவழி வாரிசு யாருமே கிடைக்காவிட்டால்?

ஏடகன்:
குலத்தார் கூடி, லயன் அனுப்பும் ஒருவரின் மேற்பார்வையில், ஒருவரைக் கமாண்டராக (தலைவர் இல்லாதபோது குலத்தை நடத்துபவராக) முன்மொழியலாம். நியமனம் ஐந்தாண்டுக்கு, புதுப்பிக்கலாம். முதல் கமாண்டர் வந்து பத்தாண்டு ஆகியும் ரத்தவழி உரிமை கோரி எவரும் வராவிட்டால், தலைவராக ஏற்கக் கோரி மனுச் செய்யலாம். அட்டவணையில் கமாண்டருக்குத் தலைவர் வரிசை எண் கொடுக்கக் கூடாது.