காபிக்கு டிஜிட்டல் தராசு: 1 கிராம் துல்லியம் போதுமா?

டபராசெட்

வீட்டில் இருப்பது சாதாரண கிச்சன் தராசு. 5 கிலோ வரை நிறுக்கும், ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும். காலையில் இரண்டு பேருக்கு பில்டர் காபி (80:20 பொடி, அதாவது காபி 80, சிக்கரி 20), மாலையில் ஒரு கப் வி60 (கூம்பு வடிகட்டியில் பொடியின் மேல் வெந்நீர் ஊற்றி வடிப்பது): 15 கிராம் கொட்டை, 240 கிராம் தண்ணீர்.

இரண்டு தொல்லை. பொடியைச் சிறுகச் சிறுகக் கொட்டினால் எண் நகர மாட்டேன் என்கிறது, திடீரென்று 3 கிராம் தாவுகிறது. வி60-க்குத் தண்ணீர் ஊற்றும்போது 240-ல் நிறுத்தினால் சற்று நேரம் கழித்து 247 என்று காட்டுகிறது.

மூன்று வகை கண்ணில் படுகிறது. நகை எடை போடும் பாக்கெட் தராசு (0.01 கிராம், 500 கிராம் வரை), டைமரோடு வரும் காபி தராசு (0.1 கிராம், 2 கிலோ), புளூடூத் எல்லாம் உள்ள விலை கூடியது. எதை வாங்கலாம்? இருப்பதையே வைத்து ஓட்டலாமா?

கொட்டைவறுப்பான்

0.1 கிராம், 2 கிலோ. நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு. காரணம் சொல்கிறேன்.

1 கிராம் தராசில் 15 என்று தெரிந்தால் உள்ளே இருப்பது 14.5-ஆகவும் இருக்கலாம், 15.4-ஆகவும் இருக்கலாம். தண்ணீர் அதே 240 என்றால் விகிதம் ஒரு நாள் 1:16.6, மறுநாள் 1:15.6. அரைப்பை மாற்றலாமா, சூட்டை மாற்றலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நாக்கில் வித்தியாசம் தெரியும். உண்மையில் மாறியது பொடி மட்டுமே. தண்ணீருக்கு இந்தக் கவலை இல்லை. 240-ல் ஒரு கிராம் முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. ஆக 0.1 தேவைப்படுவது பொடிக்குத்தான்.

எண் நகராமல் இருப்பது ரிப்பேர் இல்லை. தராசு சும்மா இருக்கும்போது சூட்டாலும் ஈரத்தாலும் எண் தானாக ஊர்ந்துவிடும். அதை மறைக்க, பூஜ்யத்துக்கு அருகில் மெல்ல நடக்கும் மாற்றத்தை எல்லாம் மீண்டும் பூஜ்யமாக்கும்படி உள்ளே ஒரு ஏற்பாடு வைத்திருப்பார்கள். நீங்கள் சிட்டிகை சிட்டிகையாகப் போடும் பொடியையும் அது ஊர்தல் என்று எண்ணி விழுங்கிவிடுகிறது. முதல் கொட்டலிலேயே 5 கிராமுக்கு மேல் போடுங்கள். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கி மறுபடி வையுங்கள். எண் மாறினால் பிந்தியதை நம்புங்கள்.

247 ஆவது வேறு கதை, தராசின் சோம்பல். நொடிக்கு 5 கிராம் வேகத்தில் ஊற்றுகிறீர்கள், எண் ஒன்றரை நொடி பின்தங்குகிறது என்றால் 7 கிராம் ஏறிவிடும். இப்போதைக்கு 232-ல் கையை நிறுத்திப் பாருங்கள். புதிது வாங்கும்போது விளம்பரத்தில் இந்த வேகத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. யாராவது தண்ணீர் ஊற்றிக் காட்டும் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாக்கெட் தராசு வேண்டாம். கண்ணாடி ஜாடியும் பீங்கான் டிரிப்பரும் (அந்தக் கூம்பு வடிகட்டி) தண்ணீருக்கு முன்பே 500 கிராமைத் தாண்டிவிடும். 0.01 தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். நம் வீட்டுச் சமையலறையில் பேனை நிறுத்திவிட்டுக் காபி போடுவது நடக்கிற காரியமா?

மெதுவா_இறங்கும்

மேலே சொன்னது வி60-க்கு சரி. வெறும் பில்டர் காபி மட்டும்னா பாக்கெட் தராசு அவ்வளவு மோசமில்லைங்க. பொடிக்கு அது, தண்ணிக்கு இருக்கிற கிச்சன் தராசு. ரெண்டும் சேர்ந்தே காபி தராசு விலை வராது.

பில்டருக்கு எங்கெங்க நிறுக்கணும்னு சொல்றேன். கீழ் பாத்திரத்தோட காலி எடையை ஒரு தடவை பார்த்து எழுதி வைங்க. இது முக்கியம், ஏன்னு அப்புறம் புரியும். மேல் பாத்திரத்தைத் தராசுல வச்சு டேர் (பாத்திர எடையைக் கழிச்சு பூஜ்யமாக்குற பட்டன்) அழுத்தி 25 கிராம் பொடி போடுங்க. தட்டி சமமாக்கி, குடையை (பொடி மேல வைக்கிற, காம்பு உள்ள ஓட்டைத் தட்டு) மெதுவா வச்சா போதும், அழுத்த வேண்டாம். அப்புறம் ரெண்டையும் சேர்த்து கிச்சன் தராசுல வச்சு, டேர் பண்ணி, கொதி அடங்கின தண்ணி 150 கிராம். மூடிட்டு தராசை விட்டு எடுத்துடுங்க. டிகாக்ஷன் இறங்க 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ ஆகும். அவ்வளவு நேரம் சூடான பாத்திரத்தைத் தாங்கிக்கிட்டு நிக்கறது தராசுக்கு நல்லதில்லை, எப்படியும் அது நடுவுல தானா அணைஞ்சுடும்.

இறங்கினதும் கீழ் பாத்திரத்தை நிறுத்துக் காலி எடையைக் கழிங்க. பொடி தன் எடையைப் போல சுமார் ரெண்டு மடங்கு தண்ணியைப் பிடிச்சுக்கும். 150-ல 50 போனா 100 கிராம் டிகாக்ஷன். ரெண்டு டம்ளருக்கு ஆளுக்கு 50, கூட 100 பால். 80 கிராம்தான் வந்திருக்குன்னா இன்னும் மேலே தண்ணி நிக்குது, இல்லன்னா பொடி ரொம்ப நைஸ். அஞ்சே நிமிஷத்துல 100 வந்துட்டா பொடி கொரகொரப்பு, அளவு சரியா இருந்தாலும் தண்ணியாத்தான் இருக்கும். அளவையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாத்தான் எது தப்புன்னு தெரியும்.

சிக்கரி விகிதம் மாத்தினா பழைய கணக்கு செல்லாது. சிக்கரி காபியை விட நிறைய கரையும், தண்ணியையும் கூடுதலா பிடிச்சு இறங்கறதைத் தாமதப்படுத்தும். 60:40 பொடிக்கு 25 கிராம் போட்டா கறுப்பா, கெட்டியா தெரியும், ஆனா காபி வாசனை குறையும்.

இன்னொண்ணு, தண்ணியை அளவு கப்ல எடுக்கறவங்களுக்கு: 95 டிகிரி தண்ணி 240 மி.லி. எடுத்தா எடை 231 கிராம்தான். தராசுல இருக்கிற மி.லி. பட்டனும் இதுக்கு உதவாது, அது கிராமையே பேர் மாத்திக் காட்டும்.

டபராசெட்

குடையை அழுத்தக் கூடாது என்பதே எனக்குப் புதிது. இரண்டுக்கும் ஒரே தராசாக 0.1-க்கே போகிறேன். இரண்டு கேள்வி. சில மாடல்களில் 0.1 என்று போட்டுவிட்டு, எடை ஏற ஏற 0.5, 1 என்று தாவுகிறதாமே? அப்புறம், வாங்கியது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

லோடுசெல்

ஆம், உண்டு. ஹாரியோவின் பழைய வி60 டிரிப் தராசில் 200 கிராம் வரை 0.1, 500 வரை 0.5, அதற்கு மேல் 2 கிலோ வரை 1 கிராம். குறை என்று சொல்ல முடியாது, தண்ணீருக்கு அது போதும். ஆனால் கனமான ஜாடியை வைத்து அதன் மேலேயே பொடியையும் நிறுக்கும் பழக்கம் இருந்தால் இடிக்கும். பொடியைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுங்கள். டைம்மோர் பிளாக் மிரர் போன்றவை 2 கிலோ வரை 0.1 காட்டும்.

காட்டும் இலக்கம் வேறு, உண்மைத் துல்லியம் வேறு. சோதனையை இப்படிச் செய்யுங்கள். ஒரே டம்ளரை ஐந்து முறை எடுத்து வையுங்கள். 0.1 தராசில் 0.2-க்கு மேல் விலகக் கூடாது. பிறகு தட்டின் நான்கு மூலைகளிலும் அதே டம்ளர். மூலைக்கு மூலை அரை கிராம் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிரிப்பர் எப்போதும் நட்ட நடுவில் அமராது. இந்த இரண்டும் சரியாக இருந்தாலே காபிக்குப் போதும், ஏனென்றால் நமக்கு வேண்டியது நேற்றைய காபி இன்றும் வருவது.

உண்மை எடையும் தெரிய வேண்டுமென்றால் பத்து ரூபாய் நாணயங்கள் பத்து. ஒன்று சுமார் 7.7 கிராம், பத்தும் சேர்ந்து 77-ஐ ஒட்டி வரும். 1, 2, 5 ரூபாய் நாணயங்கள் வேண்டாம். வரிசைக்கு வரிசை எடை மாறியிருக்கிறது. இதைவிட நல்ல வழி, ஒரு எவர்சில்வர் கரண்டியை நகைக்கடைக்கு எடுத்துப்போய் நிறுத்துத் தரச் சொல்வது. அவர்கள் தராசு எடையளவுத் துறை முத்திரை பெற்றது. அந்த எண்ணைக் கரண்டிக் காம்பில் எழுதிவிட்டால் உங்கள் வீட்டுப் படிக்கல் தயார்.

நாணயத்தை வைத்துக் கேலிபரேஷன் (தெரிந்த எடையை வைத்துத் தராசைத் திருத்தி அமைப்பது) மட்டும் செய்யாதீர்கள். திரையில் 500 என்று கேட்டால் சரியான 500 கிராம் படிக்கல்லைத்தான் வைக்க வேண்டும் (படிக்கல்லின் துல்லிய வகுப்புகளில் எம்1 தாராளம்). தோராயமான எதையாவது வைத்தால் அந்தப் பிழை எல்லா எடையிலும் ஏறிவிடும். சின்ன வேடிக்கை: 45 பாகை அட்சரேகையில் சரிபார்த்த தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், இங்கே புவியீர்ப்பு சுமார் 0.24 சதவீதம் குறைவு என்பதால் 500 கிராமை 498.8 என்று காட்டும். 15 கிராம் பொடியில் அது கண்ணில் படாது.

பதினெட்டு_கிராம்

நாளைக்கு எஸ்பிரெசோ மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே அதன் சொட்டுத் தட்டை (கப் வைக்கும் இடம்) டேப் வைத்து அளந்துவிடுங்கள். வி60-க்கு வசதியான பெரிய தராசு பல வீட்டு மெஷின்களில் நுழையாது. நுழைந்தாலும் கப்புக்கு உயரம் இருக்காது. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காபி என்றால் 33, 34-லேயே நிறுத்த வேண்டும், மிச்சம் தானாகச் சொட்டும். சோம்பல் தராசில் இது நடக்கவே நடக்காது.

தராசு கெடுவது பெரும்பாலும் மூன்று விதம். அலமாரியில் அதன் மேல் பாத்திரம் அடுக்குவது முதலாவது. உள்ளே இருக்கும் உலோகப் பட்டை ஒரு முறை வளைந்துவிட்டால் பூஜ்யமே திரும்பாது. அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பது இரண்டாவது. சூடு ஏற ஏற எண் ஊரும், கூட வரும் சிலிக்கான் விரிப்பை அதற்காகத்தான் கொடுக்கிறார்கள், தூக்கிப் போடாதீர்கள். மூன்றாவது தண்ணீர். மேலே சிந்தினால் துடைத்துவிடலாம், ஆனால் குழாயடியில் காட்டிக் கழுவினால் தட்டின் இடுக்கு வழியே உள்ளே போகும். தொடு பட்டன் உள்ளவற்றில் ஒரு துளி விழுந்தாலே டேர் ஆகிவிடும், பாதி ஊற்றும்போது கணக்கு போச்சு.

புளூடூத்துக்குச் செலவழிக்க வேண்டாம். அந்தக் காசைக் கிரைண்டரில் போடுங்கள். டைமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன் இருக்கிறது. தானாக அணையும் நேரத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். பிரெஞ்ச் பிரஸில் 4 நிமிடம் ஊறவிடும்போது 2 நிமிடத்தில் அணைந்தால் டேர் செய்த எடையும் போய்விடும்.

டபராசெட்

அளந்து பார்த்தேன், வி60 ஜாடி, டிரிப்பர், தண்ணீர் எல்லாம் சேர்த்து 960 கிராம். 2 கிலோ தாராளம். சார்ஜ் போடுவதா, பேட்டரியா?

லோடுசெல்

தினமும் இரண்டு வேளை என்றால் யு.எஸ்.பி.-சி சார்ஜ். பேட்டரி என்றால் ஏஏஏ உள்ளதாகப் பாருங்கள், பட்டன் செல் சீக்கிரம் தீரும். எதுவானாலும் சார்ஜ் இறங்கும்போது முதலில் எண்தான் தடுமாறும், எச்சரிக்கைக் குறி பிறகுதான் வரும். காரணமில்லாமல் 0.3, 0.4 ஆடினால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு அப்புறம் சந்தேகப்படுங்கள்.