பட்டன் இருக்குன்னு நம்பி ஓட்டின கம்பெனி டயர்

2019ல எடுத்த வண்டி, சின்ன செடான், டயர் சைஸ் 185/65 ஆர்15. அஞ்சரை வருஷத்துல 31,000 கிலோமீட்டர்தான் ஓடிச்சு, மத்த நேரமெல்லாம் அபார்ட்மெண்ட் வாசல்ல வெயில்ல நிக்கும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் "பட்டன் நல்லா இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்"பாங்க (பட்டன்னா டயர்ல ரோட்ட தொடற ரப்பர் கட்டைங்க), நானும் தலையாட்டிட்டு வந்துடுவேன்.

2024 நவம்பர்ல திண்டிவனம் தாண்டி வந்துட்டிருக்கேன், பெரிய மழையெல்லாம் இல்ல, தூறல்தான், ஸ்பீடு எழுபது இருக்கும், முன்னாடி போன லாரி சட்டுனு ஸ்லோ பண்ணிட்டான், நான் பிரேக்ல ஏறி நிக்கறேன், வீல் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் காலுக்கடியில கடகடன்னு துடிக்குது, வண்டி பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கு. இடிக்கல. லாரி பின்னாடி எழுதியிருந்த "ஒலி எழுப்பவும்" மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

மறுநாள் டயர் கடைக்கு போனேன். கடைக்கார அண்ணன் கட்டைவிரல் நகத்த பட்டன்ல அழுத்திக் காட்டினார், கொஞ்சம்கூட அமுங்கல. "பட்டன் இருக்கு தம்பி, ரப்பர் கல்லாயிடுச்சு." சைடுல 1119னு போட்டிருந்துச்சு, 2019ல 11வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தமாம். பட்டன் தேஞ்சு, பள்ளத்துக்குள்ள இருக்கற 1.6 மில்லிமீட்டர் மேட்டுக்கு சமமா வர்ற வரைக்கும் ஓட்டலாம்னு நெனச்சிட்டு இருந்த ஆளு நான்.

அப்புறம் அவரே "195/65 போடுங்க, லுக்கா இருக்கும்"னு ஆரம்பிச்சார், அதாவது பத்து மில்லிமீட்டர் அகலம் கூடின டயர். அங்கயே போன்ல கணக்கு போட்டேன், விட்டம் 621ல இருந்து 634 மில்லிமீட்டர் ஆகுது, மீட்டர் நூறு காட்டினா நாம 102ல போயிட்டிருப்போம், போதாததுக்கு ஃபுல் லோடுல வீல் ஆர்ச்ல உரசுமோன்னு வேற பயம். பழைய சைஸே போதும்னுட்டேன். 88எச், அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 210 ஸ்பீடு வரைக்கும் ஓகே (நம்ம ரோட்டுல யாரு போறா). பிராண்ட் சொல்ல மாட்டேன், சொன்னா சண்டை வரும்.

பிரேக் பிடிக்கறதுல பெரிய வித்தியாசம், சத்தமும் கம்மி. மைலேஜ்தான் 17.5ல இருந்து 16.4க்கு வந்துடுச்சு. கம்பெனில மாட்டி வர்ற டயர்ல மைலேஜ்தான் முக்கியம்னு உருளும்போது இழுவை கம்மியா இருக்கறதா பாத்து போடுவாங்க. இன்னொண்ணு, தேஞ்ச டயர் சுத்தளவு கொறஞ்சிருக்கும்ல, அதிகமா சுத்தும், மீட்டர் ஓடாத தூரத்தையும் சேத்து எண்ணியிருக்கும். ஆக அந்த 17.5லயே கொஞ்சம் பொய் இருந்திருக்கு.

—

அண்ணே, நான் காசு இல்லாம ரெண்டு டயர் மட்டும் மாத்தினேன். ஃப்ரண்ட் வீல் டிரைவ்தானேன்னு புதுச முன்னாடியே போட்டுட்டாங்க. மழையில ஒரு வளைவுல பின்பக்கம் தனியா கிளம்பிடுச்சு, மனைவி அதுக்கப்புறம் ரெண்டு நாள் பேசல. புதுசு பின்னாடிதான் போடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஸ்டெப்னி என்ன பண்ணீங்க?

—

அதுவும் 1119தான் தம்பி, ஒரு நாள்கூட ரோட்டுல ஓடல. பாக்க புதுசு மாதிரியே இருக்கு. நகத்த வச்சு அழுத்திப் பாத்துட்டு டிக்கிய மூடிட்டேன், அடுத்த மாசம் சம்பளம் வரட்டும்.