ஆபரேஷன் தியேட்டரில் நிற்க ஒரு நல்ல படி வேண்டும்

வணக்கம். சேலத்தில் லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கேமராவும் நீளக் கருவிகளும் விட்டு, மானிட்டரைப் பார்த்துச் செய்யும் ஆபரேஷன்) சர்ஜன் நான், உயரம் 5 அடி. மேசையை முழுக்க இறக்கினாலும் கருவியின் பிடி முழங்கைக்கு மேலேயே நிற்கிறது. நீளமான கேஸ் என்றால் தோள் பிடித்துக்கொள்கிறது. மானிட்டர் நேரெதிரே, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். எங்களுடையதோ அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் தோளைத் தளர்த்திக்கொள்கிறேன். மயக்க மருந்து டாக்டர் கிண்டல் செய்கிறார், பரவாயில்லை.

வழுக்காத, கழுவக்கூடிய, காலால் அழுத்தும் கருவிப் பெடலும் வைக்க இடமுள்ள அகலமான ஸ்டீல் படி செய்து தரும் பட்டறை செவ்வாய்ப்பேட்டை பக்கம் தெரியுமா? அப்புறம், அஸ்தம்பட்டி பக்கம் இரவு 8 மணிக்கு மேல் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் யாராவது? வலி மாத்திரை யோசனை மட்டும் வேண்டாம், அதை நானே எழுதிக்கொள்வேன்.