மானாமதுரைக் கடமும் எங்கள் ஆவணப்படத்தின் இசையும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் கடைசி வருடத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, மானாமதுரையில் கடம் (கச்சேரியில் வாசிக்கும் மண்பானை வாத்தியம்) செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றி 18 நிமிட ஆவணப்படம் எடுத்தோம். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த சமயம் அது. கேமரா, எடிட்டிங், பேட்டி என்று மற்றவர்கள் பிரித்துக்கொள்ள, ஒலிப்பதிவும் இசையும் என்னிடம் வந்தன.

ஊருக்குப் போவதற்கு முன்பே நான் தீம் மியூசிக் போட்டுவிட்டேன், தவறு அங்கேதான் தொடங்கியது. அழிந்துவரும் கலை என்று மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு இருந்ததால் கீபோர்டில் வயலின் சத்தத்தை வைத்து, இழுத்து இழுத்து ஒரு சோகமான மெட்டு. எடிட் செய்த நண்பன் அதன் மேல்தான் ரஃப் கட்டையே, அதாவது படத்தின் முதல் தொகுப்பையே, அடுக்கினான். நான்கு வாரம் அதையே கேட்டதில், அது இல்லாமல் படத்தைப் பார்க்கவே எங்களுக்கு முடியாமல் போனது.

ரஃப் கட்டை அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். கடம் தட்டும் அம்மா பாதியில் நிறுத்தச் சொன்னார். “ஏன் தம்பி, நாங்க என்ன அழுதுக்கிட்டா இருக்கோம்? பின்னாடி எழவு வீடு மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கே.” எனக்குப் பதில் வரவில்லை. தன் கைக்குப் படிந்த வேலையைப் பற்றி அவர் அவ்வளவு பெருமையாகப் பேசிய இடம் அது. அந்தப் பேச்சுக்கு அடியில்தான் நான் அந்த வயலினை ஓட விட்டிருந்தேன்.

அன்று இரவே இசை டிராக்கை முழுதாக எடுத்துவிட்டோம். அடுத்த மூன்று நாள் கேமராவைத் தொடவில்லை, ரெக்கார்டர் மட்டும்தான். சக்கரத்தில் இருந்து அறுத்து எடுக்கும்போது கடத்துக்கு அடிப்பாகமே கிடையாது. கொஞ்சம் உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித்தான் அடியை மூடி, சுவர் முழுவதையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மண் ஈரமாக இருக்கும்போது தொப் தொப் என்று கேட்கும், இறுக இறுகச் சத்தம் மேலே ஏறும், சூளையில் வெந்து வந்த பிறகு வெண்கலம் மாதிரி கணீரென்று. (மானாமதுரைக் கடம் மற்ற ஊர்க் கடங்களைவிடக் கனமானது, வாசிக்க விரல் பலமும் கூடுதலாக வேண்டும்.) படத்துக்கு வேண்டிய இசை ஈர மண்ணில் தொடங்கி சூளைவரை வரிசையாகவே இருந்தது.

ஆனால் அதைக் கோப்பது சுலபமாக இல்லை. அவர் தட்டுவது ஒரே வேகத்தில் இருக்காது, கடத்தைத் திருப்பும்போது ஒரு நொடி தாமதிக்கும், அப்புறம் மூன்று தட்டு வேகமாக விழும். அதைக் க்ளிக் டிராக்குக்குள் (சீரான தாளத்துக்கு ஓடும் டிக் டிக் சத்தம்) இழுத்து ஒட்டியபோது மிஷின் ஓடுவது போல ஆகிவிட்டது. கடைசியில் டெம்போவை அவர் கைக்கு ஏற்றபடி தட்டுக்குத் தட்டு மாற்றினேன், இரண்டு இரவு போனது. சுருதி அடுத்த பிரச்சினை. எங்களிடம் இருந்த கடத்தின் சுருதி ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் (கட்டை என்பது சுருதியின் அளவு) நடுவில், கீபோர்டின் எந்தக் கட்டையிலும் சேராமல் நின்றது. வெந்த கடத்தைத் திருகி ஏற்ற முடியாது, மற்றதெல்லாம்தான் அதனிடம் வர வேண்டும். கீபோர்டின் அடிப்படைச் சுருதியை 440 ஹெர்ட்ஸில் இருந்து 450க்கு ஏற்றி, தம்புரா ஆப்பையும் அதோடு சேர்த்தேன்.

பேச்சுக்கு அடியில் எதையும் வைக்கவில்லை. மொத்தப் படத்திலும் இசை நான்கு நிமிடம்கூட வராது.

மறுபடி போட்டுக் காட்டியபோது அந்த அம்மா திரையைப் பார்க்காமல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “மூணாவதா ஒண்ணு வருதுல்ல, அதுல விரிசல் இருக்கு. அதை ஏன் தட்டுன?” என்றார். சூளை ஓரம் ஒதுக்கிப் போட்டிருந்ததை எடுத்துத்தான் நான் பதிவு செய்திருந்தேன், விரிசல் என் காதுக்கு எட்டவே இல்லை. அவரே உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்து தந்தார். அதைத் தட்டிப் பதிவு செய்து மாற்றிய பிறகுதான் கல்லூரியில் படத்தைக் கொடுத்தோம்.

—

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் நான். எழவு வீடு என்று அந்தக் கடம் தட்டும் அம்மா சொன்னதைப் படித்ததும் நாங்கள் எடுத்த படம் ஞாபகம் வந்தது. கிராமத்துப் பாட்டுகள் பற்றிய படம், ஒப்பாரி ஒன்றைப் பதிவு செய்து அந்த மெட்டிலேயே பின்னணி இசை போடலாம் என்பது என் திட்டம். பாட்டி ஒருவர் பாடச் சம்மதித்தார், ஆனால் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று வீட்டுக்குள் பாட மறுத்துவிட்டார். கண்மாய்க் கரைக்குப் போனோம், காற்று அதிகம், மைக்குக்கு என் துண்டைச் சுற்றினேன். நாலு அடிதான் பாடினார். பாடும்போது அவர் கணவர் பெயர் வந்தது. முடிந்ததும் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். அந்த மெட்டைக் கீபோர்டில் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை, அவர் முகம் தெரியும் இடத்தில் அவர் குரலோடு மட்டும் வைத்தோம், காற்றுச் சத்தத்தையும் எடுக்கவில்லை.